ஆச்சி கையில களிமண்ணைக் கொடுங்க, சக்கரத்தைக் கொடுத்துராதீங்க!

[திரையில்: சுருக்கம் விழுந்த இரண்டு கைகள், நடுவில் ஒரு மண் உருண்டை]

காலையில என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டா ஆச்சி முழிக்காங்க. ஆனா அவங்க உள்ளங்கையில ஒரு உருண்டை மண்ணை வச்சுப் பாருங்க. கட்டைவிரல் தானா நடுவுல இறங்குது, மத்த விரல் வெளியில தாங்குது, இடது கை உருண்டையைத் திருப்பிக்கிட்டே இருக்கு. ரெண்டு நிமிஷத்துல ஒரு கிண்ணம்!

நேத்து நடந்ததை வைக்கிற ஞாபகம் வேற, கை பழகின வேலையை வைக்கிற ஞாபகம் வேற. அல்சைமர்ங்கிற மறதி நோய்ல முதல்ல அடி வாங்குறது முன்னது. கைப்பழக்கம் பெரும்பாலும் ரொம்ப நாள் நிக்கும். அறிவியல் இவ்வளவு போதும், மேல போவோம்.

[திரையில்: கொழுக்கட்டை செப்பு, பக்கத்தில் மண் கிண்ணம்]

இந்த ரெண்டையும் நல்லா பாருங்க மக்களே. பூரணம் வைக்க மாவுல குழி விட்டு, ஓரத்தை மெல்லிசாக்கி எடுக்கிறோம்ல? மண்பாண்டப் பயிற்சியில முதல் பாடமே அதுதான்! நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஒளவையார் நோன்பு இருந்த ஆச்சிமார்னா கேக்கவே வேண்டாம். உப்பில்லாத மாவுல விதவிதமா உருவம் பிடிச்சவங்க. ஆம்பளைங்க கண்ணுல காட்டாம செஞ்சதால, ஊர்ல இத்தனை சிற்பி இருக்கிறது பாதிப் பேருக்குத் தெரியாமலே போச்சு. அதனால "ஆச்சி, பானை செய்யுங்க"ன்னு சொல்லாதீங்க. "கொழுக்கட்டைக்குச் செப்பு பிடிங்க"ன்னு சொல்லுங்க. வயல்ல வரப்பு அணைச்ச தாத்தாவுக்கு உருண்டை வேண்டாம். திரி உருட்டி வட்டமா அடுக்கச் சொல்லுங்க, வரப்பு கட்டுற மாதிரியே வரும்.

சக்கரம் ஏன் வேண்டாம்? குனிஞ்சே உக்காரணும், வேகத்துக்குக் கை ஈடு கொடுக்கணும், மண்ணை நடுவுல நிறுத்தவே பல நாள் பழகணும். முதல் நாளே தோத்த மாதிரி ஆயிரும்.

மண்ணு: சேரன்மகாதேவி பக்கத்துல காருகுறிச்சி மாதிரி மண்பாண்டம் செய்யுற ஊர்ல, மிதிச்சுப் பக்குவம் பண்ணின மண்ணாவே கேளுங்க. குளத்துல நேரா அள்ளின மண்ணுல சிப்பி, கல், கண்ணாடித் துண்டு கிடக்கும். ஒருத்தருக்கு 200 கிராம், சின்ன சாத்துக்குடி அளவு. பதம் சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இளக்கமா இருக்கணும். மூட்டுவாதம் உள்ளவங்களுக்கு இன்னும் இளக்கமா கொடுங்க. முன்னாடி அஞ்சு நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணியில கையை வைக்கச் சொல்லுங்க. சர்க்கரை நோயால கை மரத்துப் போனவங்களுக்குச் சூடு தெரியாது, நீங்க தொட்டுப் பார்த்துக் கொடுங்க. மொத்தம் அரை மணி நேரம். மூட்டு வீங்கியிருந்தா அன்னைக்கு லீவு.

[திரையில்: விளிம்பில் விரிசல் விட்ட கிண்ணம்]

இங்கதான் எல்லாரும் சொதப்புறது. வழவழன்னு வரணும்னு தண்ணியை ஊத்தித் தடவுவாங்க. விளிம்பு ஊறித் தளர்ந்து, காயும்போது வெடிச்சிரும். விரல் நுனி நனைஞ்சா போதும். கிண்ணத்தோட சுவர் தடிப்பு சுண்டுவிரல் தடிப்புல பாதி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒட்டுறீங்களா? ரெண்டு பக்கமும் முள்கரண்டியால கீறி, சேறு தடவி அழுத்துங்க. சும்மா ஒட்டினா காஞ்சதும் தும்பிக்கை தனியா, பிள்ளையார் தனியா.

பலகையில நேரா வைக்காம பழைய பேப்பர் மேல வைங்க. மண்ணு சுருங்கும்போது பலகையைப் பிடிச்சுக்கிட்டா அடியில கிழியும். வெயில்ல காய வைக்காதீங்க, நிழல்ல ஒரு வாரம். காஞ்சிருச்சான்னு தெரிய கன்னத்துல வச்சுப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் ஈரம். அப்படியே சூளைக்குப் போனா ஈரம் ஆவியாகி பானையையே உடைச்சிரும்.

கையில புண் இருந்தா மண் வேண்டாம். மறதி முத்தினவங்க மாவுன்னு நினைச்சு வாயில வைப்பாங்க, பக்கத்துலயே இருங்க. முடிஞ்சதும் தரையைத் துடைப்பத்தால கூட்டாதீங்க. காஞ்ச மண் தூசி நெஞ்சுக்கு ஆகாது, ஈரத்துணியால துடைங்க.

இதனால மறதி குணமாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மருந்து மருந்துதான். இது கைக்கு வேலை, மனசுக்குத் தெம்பு. கோணலா வந்தாலும் நீங்க வாங்கிச் சரி பண்ணாதீங்க, அதுதான் ரொம்பப் பெரிய தப்பு!

அப்புறம் ஒண்ணு. நம்ம ஆதிச்சநல்லூர்ல 1876-ல ஜெர்மன்காரர் யாகோர் தோண்டினதும், 1899-லிருந்து தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினதும் முதுமக்கள் தாழி, அதாவது அந்தக் காலத்துல செத்தவங்களை வச்சுப் புதைச்ச பானை. பெயரைக் கேட்டுட்டு தாத்தாகிட்ட "உங்களுக்கும் ஒரு தாழி செய்வோமா"ன்னு மட்டும் கேட்டுராதீங்க, அடி விழும்.

உங்க ஊர்ல மிதிச்ச மண் எங்க கிடைக்குது, கிலோ என்ன விலை? கமெண்ட்ல போடுங்க.