ஓர் எழுத்து மாறினால்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

‘வழி’ என்று எழுத நினைத்து ‘வலி’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? மாறியது ஓர் எழுத்துதான், பொருளே வேறாகிவிடுகிறது. நம் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். செல் பிரியும்போதெல்லாம் அத்தனையையும் படியெடுக்க வேண்டும். பிழை வராமல் இருக்குமா? பெற்றோரிடம் இல்லாத புதுப் பிழைகள் ஒரு குழந்தைக்குச் சராசரியாக 60, 70 இருக்கும். உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. இதைத்தான் சடுதி மாற்றம் என்று பள்ளியில் படித்தோம்.

எங்கே பிழை விழுகிறது என்பதுதான் விஷயம். ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் 146 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி இருக்கிறது. சிலருக்கு மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால், அந்தச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கம்பி கம்பியாக நீள்கின்றன. வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைகிறது; நுண்குழாயில் சிக்கிக்கொண்டு பின்னால் வருவதையும் மறிக்கிறது. 120 நாள் வாழ வேண்டியது பத்து இருபது நாளில் உடைந்துபோகிறது. இதுதான் அரிவாள் செல் நோய்.

இந்த நோயுள்ள குழந்தை பிறந்து சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். கருவில் உருவான வேறு வகை ஹீமோகுளோபின் அதைக் காக்கிறது. அது குறையக் குறைய, ஒருநாள் பிஞ்சுக் கையும் காலும் வீங்கி, குழந்தை வீறிட்டு அழும். “நான் என்ன தப்பு செய்தேன்?” என்று கேட்கும் தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: அம்மா, நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

சரி, இவ்வளவு கொடிய பிழை ஏன் அற்றுப்போகவில்லை? 1954இல் ஆன்டனி அல்லிசன் என்ற ஆய்வாளர் இதற்கு விடை சொன்னார். இந்தப் பிழை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய்; ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியா முற்றாமல் காக்கும் கவசம். மலேரியா பரவிய நிலங்களில் அது தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது. ‘கெட்ட மரபணு’ என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

அப்புறம், 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்த நோய்க்கு ஒரு புதிய சிகிச்சையை அனுமதித்தன. கடுமையான சிகிச்சைதான், செலவும் எளியவர்களுக்கு எட்டாதது. அதில் அந்தப் பிழையான எழுத்தைத் தொடுவதே இல்லை. நோயாளியின் ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களை எடுத்து, அவற்றின் டி.என்.ஏ.வில் கருக்கால ஹீமோகுளோபினை நிறுத்திவைத்த சுவிட்சை வெட்டிவிடுகிறார்கள். அதாவது, தெரிந்தே இன்னொரு மாற்றத்தை உண்டாக்குகிறார்கள். கருவில் காத்த அதே ஹீமோகுளோபின், வளர்ந்தவரின் உடலில் மறுபடி ஊறத் தொடங்குகிறது.