அயா நாபா: ஒரு போர் உருவாக்கிய கொண்டாட்ட ஊர்

[திரையில்: மத்தியதரைக் கடல் வரைபடம். கிழக்குக் கோடியில் சைப்ரஸ், அதன் தென்கிழக்கு மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி.]

வணக்கம். கடற்கரை, டிஜே, விடிய விடிய ஆட்டம் என்றதும் எல்லோரும் ஸ்பெயினின் இபிசா தீவைத்தான் சொல்வார்கள். இபிசாவுக்கு ஏற்கெனவே ஆயிரம் வீடியோ இருக்கிறது. நாம் மத்தியதரைக் கடலின் மறுகோடிக்கு, சைப்ரஸ் தீவின் அயா நாபாவுக்குப் போவோம்.

2011 கணக்கெடுப்பின்படி இந்த ஊரில் குடியிருந்தவர்கள் 3,200 சொச்சம் பேர்தான். ஜூலை மாத இரவில் இங்கே தெருவில் நின்று பார்த்தால் இந்த எண்ணை நம்பவே மாட்டீர்கள். ஹோட்டல், பார், கிளப், அவற்றின் வாசலில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் ஆட்கள். மீன்பிடியும் விவசாயமுமாக இருந்த ஒரு கிராமம் எப்படி இப்படி ஆனது? அதற்குப் பதில் வேறொரு ஊரில் இருக்கிறது.

[காட்சி: வேலிக்குப் பின்னால் கண்ணாடி உடைந்த அடுக்குமாடி ஹோட்டல்கள்.]

இது வரோஷா, ஃபமகுஸ்தா நகரத்தின் கடற்கரைப் பகுதி. அயா நாபாவிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை. 1970களின் தொடக்கத்தில் சைப்ரஸ் சுற்றுலா என்றாலே இந்த ஊர்தான். எலிசபெத் டெய்லர் வந்து தங்கிய இடம் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

1974 ஜூலை 15 அன்று கிரேக்க ராணுவ ஆட்சியின் ஆதரவோடு சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்தே நாளில் துருக்கிப் படை வடக்கே வந்து இறங்கியது. ஆகஸ்டு நடுவில் ஃபமகுஸ்தா விழுந்தது. வரோஷாவில் வாழ்ந்த கிரேக்க சைப்ரஸ் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, சில நாளில் திரும்பிவிடலாம் என்று கிளம்பினார்கள். துருக்கி ராணுவம் அந்தப் பகுதியைச் சுற்றி வேலி போட்டது. அன்றிலிருந்து தீவு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: வடக்கு துருக்கியின் பிடியில், தெற்கு சைப்ரஸ் அரசின் கையில்.

தீவின் பெரிய சுற்றுலா நகரம் போயிற்று. தலைநகர் நிகோசியாவின் விமான நிலையமும் போயிற்று. அது இன்றுவரை ஐ.நா. காவலில் கிடக்கிறது. 1975ல் லார்னகாவில் புது விமான நிலையம் திறந்தார்கள். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில், நல்ல மணலோடு, அரசின் கட்டுப்பாட்டில் மிஞ்சியிருந்த கடற்கரை எது? அயா நாபாவும் பக்கத்து ப்ரோதரஸும். ஹோட்டல் கட்டும் பணம் அந்தப் பக்கம் திரும்பியது. இன்று நீங்கள் பார்க்கும் ஊர் அப்படித்தான் முளைத்தது. இது தெரியாமலும் நன்றாகப் பொழுது போகும். ஆனால் தெரிந்துகொண்டு போனால், ஊரின் அவசர அவசரமான கட்டடங்கள்கூட வேறு மாதிரி தெரியும்.

[காட்சி: நிஸ்ஸி கடற்கரை, மேலிருந்து.]

சரி, கடலுக்கு வருவோம். ஊர் நடுவிலிருந்து மேற்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில் நிஸ்ஸி கடற்கரை. வெளுத்த மணல், எதிரே ஒரு குட்டித் தீவு, இடையில் இடுப்பளவுத் தண்ணீர். நடந்தே தீவுக்குப் போய்விடலாம். மத்தியதரைக் கடலில் ஓதம் ஏறி இறங்குவது மிகக் குறைவு என்பதால், போன வழி மூழ்கிவிடுமோ என்று நேரம் பார்க்க வேண்டியதில்லை.

தண்ணீர் ஏன் இவ்வளவு தெளிவு? இந்தக் கிழக்குக் கடலில் சத்து மிகக் குறைவு. உரச்சத்தைக் கொண்டுவந்து கொட்டும் பெரிய ஆறு எதுவும் இந்தத் தீவில் இல்லை. சத்து இல்லாததால் மிதவை நுண்பாசிகள் அதிகம் வளர்வதில்லை. கலங்கடிக்க ஒன்றுமில்லாத தண்ணீரில் வெயில் ஆழம்வரை இறங்குகிறது. நமக்கு அழகு, மீனவருக்கு நஷ்டம்.

நிஸ்ஸியில் மதியமே ஸ்பீக்கர் அலறத் தொடங்கிவிடும். அமைதி வேண்டுமென்றால் கிழக்கே போங்கள். காவோ கிரேகோ முனை தேசிய வனப்பூங்கா. கடல் அரித்த சுண்ணாம்புக் குகைகள், நடைபாதைகள், பக்கத்தில் கொன்னோஸ் விரிகுடா. குகைப் பாறையிலிருந்து குதிக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அடியில் பாறை எங்கே இருக்கிறது என்று அந்த வீடியோக்கள் காட்டுவதில்லை.

[காட்சி: இரவு. நியான் பலகைகள். பாட்டுச் சத்தம் ஏறி, மெதுவாக இறங்கும்.]

இனி, எல்லோரும் காத்திருக்கும் பகுதி. இரவு வாழ்க்கை முழுக்க ஊர் நடுவில் இருக்கும் சதுக்கத்தையும் அதைச் சுற்றியுள்ள சில தெருக்களையும் மையமாகக் கொண்டது. சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல், பார் பதினொன்றுக்கு மேல், கிளப் ஒரு மணிக்கு மேல். பத்து மணிக்கே கிளப் வாசலில் போய் நின்றால் பெருக்குகிறவர்தான் உங்களை வரவேற்பார்.

1990களின் இறுதியில் லண்டனின் கராஜ் என்ற நடன இசைக் கூட்டம் கோடைதோறும் இங்கே இறங்கியது. அயா நாபாவின் பெயர் பிரிட்டன் முழுக்கப் பரவியது அப்போதுதான். கூடவே அடிதடியும் வந்தது. 2003ல் லண்டன் ராப் பாடகர் டிஸ்ஸி ராஸ்கல் இங்கே கத்திக்குத்துக்கு ஆளானார். அதன்பிறகு ஊருக்கு வந்த கெட்ட பெயரை மாற்ற நிறைய முயற்சி நடந்திருக்கிறது. 2014ல் சிற்பப் பூங்கா, பிறகு உல்லாசப் படகுத்துறை, 2021ல் சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லரின் படைப்புகளோடு நீருக்கடியில் ஓர் அருங்காட்சியகம். என் கணிப்பில் இந்த முயற்சி பாதிதான் பலித்திருக்கிறது. பகலில் குடும்பங்கள் வருகின்றன. நள்ளிரவில் பழைய அயா நாபாதான்.

மீன் தொட்டி அளவு கண்ணாடிக் கிண்ணத்தில் ஏழெட்டு உறிஞ்சுகுழல் போட்டு ஒரு காக்டெய்ல் தருவார்கள். உள்ளே எது எவ்வளவு என்று தெரியாது, அளவு பிடிபடாது. எனக்கு அதைவிட, பிராந்தியும் எலுமிச்சையும் கலந்த உள்ளூர் பிராந்தி சவர் தேவலை. கூடவே சுட்ட ஹலூமி, அதாவது உள்ளூர் பாலாடைக்கட்டி. அப்புறம், குடித்துவிட்டு வாடகை க்வாட் பைக்கில் (நாலு சக்கர பைக்) ஏறாதீர்கள்.

[காட்சி: பகல். சதுக்கத்தின் ஓரம், கல் மதில்.]

அதே சதுக்கத்தை ஒட்டி, பார்களிலிருந்து சில அடி தூரத்தில், 1500 வாக்கில் வெனிஸ்காரர்கள் காலத்தில் எழுந்த மடாலயம் நிற்கிறது. உள்ளே எண்கோண நீரூற்று. பாதி பாறைக்குள் குடைந்த தேவாலயம். வெளியே ஒரு கிழட்டு மரம், நம் அத்திக்கு உறவு. அத்தியைப் போலவே காய் கிளையோரத்தில் இல்லாமல் அடிமரத்தோடு ஒட்டிக் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். 1950களில் இங்கே வந்த கிரேக்கக் கவிஞர் யோர்கோஸ் செஃபெரிஸ் இந்த மரத்தைக் கவிதையில் வைத்திருக்கிறார். 1963ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சதுக்கத்துக்கு இன்று அவர் பெயர்தான். மலிவு வோட்கா விளம்பரங்களுக்கு மேலே ஒரு நோபல் கவிஞரின் பெயர்ப்பலகை! காலை ஏழு மணிக்குப் போனால் மடாலயம் உங்களுக்கே.

எப்போது போவது? சீசன் மே முதல் அக்டோபர்வரை. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் விலையும் உச்சம். ஜூன் அல்லது செப்டம்பர்தான் என் சிபாரிசு; செப்டம்பரில் கோடை முழுக்கச் சூடேறிய கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் பெரும்பாலான கடைகள் பூட்டிக் கிடக்கும். தூக்கம் முக்கியமென்றால் சதுக்கத்துக்கு அருகில் அறை எடுக்காதீர்கள், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும்.

1960வரை பிரிட்டிஷ் காலனியாக இருந்ததால் நம்மைப் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். பிளக் பாயின்ட் பிரிட்டன் மாதிரி மூன்று சதுர முனை. வாடகைக் காரின் நம்பர் பிளேட் சிவப்பு. நீங்கள் வெளியூர் என்று எல்லோருக்கும் தெரியும், கொஞ்சம் பொறுத்துப் போவார்கள். செலவு யூரோவில்.

[காட்சி: தெரினியா. தூரத்தில் வரோஷா.]

கார் எடுத்தால் ஒரு மதியம் பிரிவுக்கோட்டை ஒட்டிய தெரினியா ஊருக்குப் போங்கள். அங்கிருந்து வரோஷா கண்ணுக்குத் தெரியும். 2018ல் அங்கே வடக்கே கடந்துபோகும் சாவடி ஒன்றைத் திறந்தார்கள். 2020 அக்டோபரிலிருந்து வரோஷாவின் ஒரு பகுதிக்குள் பொதுமக்களை விடுகிறார்கள். கட்டடங்களுக்குள் நுழைய முடியாது. பாஸ்போர்ட் கட்டாயம். உங்கள் விசாவில் மறுபடி தெற்கே நுழைய வழியிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். தெற்கில் எடுத்த காரின் இன்சூரன்ஸ் பொதுவாக வடக்கே செல்லாது. வாடகைக்குக் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு, சாவடியில் தனி இன்சூரன்ஸ் எடுங்கள். இல்லையென்றால் காரை இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து கடந்துவிடுங்கள்.