இடக்கை சர்வீஸ்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரு கப்பன் பூங்காவின் டென்னிஸ் கோர்ட்டுகளில் பல ஆண்டுகள் லைன் நடுவராக இருந்த எனக்கு, ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றிப் பேச இந்த வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

1986-இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘செகண்ட் சர்வ்’, ரெனே ரிச்சர்ட்ஸின் தன்வரலாற்றைத் தழுவியது. நியூயார்க்கில் கண் மருத்துவராகவும் தேர்ந்த டென்னிஸ் வீரராகவும் பெயர் பெற்றிருந்த ரிச்சர்ட் ராஸ்கிண்ட், 1975-இல் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ரெனே என்ற பெண்ணாக வாழத் தொடங்கினார். இரண்டு காலங்களிலும் வனெஸ்ஸா ரெட்கிரேவ் ஒருவரே நடித்தார். இருவரை நடிக்க வைத்திருந்தால் ஒருவர் போய் இன்னொருவர் வந்தார் என்று பார்ப்பவர்கள் எண்ணியிருப்பார்கள்; ஒரே முகம் தொடர்ந்து வருவதால் அப்படி எண்ண இடமில்லாமல் போகிறது.

ரெனேயைக் காட்டிக்கொடுத்தது அவருடைய இடக்கைதான். கலிபோர்னியாவில் புதிய பெயரோடு ஒதுங்கி வாழ்ந்தவர், 1976-இல் லா ஹோயாவில் ஒரு பெண்கள் போட்டியில் ஆடியபோது, பழைய டென்னிஸ் நண்பர்கள் அந்தச் சர்வீஸை அடையாளம் கண்டுகொண்டார்கள்; செய்தி தொலைக்காட்சிக்குப் போனது. கோட்டோரம் நின்று பழகியவர்களுக்கு இது வியப்பாக இராது. பந்தை எவ்வளவு உயரம் எறிகிறார், முழங்கால் எப்போது மடிகிறது, தோள் எந்தக் கணத்தில் திரும்புகிறது என்பவை கையெழுத்தைப் போன்றவை. மூன்று கோர்ட்டுகளுக்கு அப்பாலிருந்தே ஆளைச் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவரால் அதை மட்டும் மாற்ற முடியவில்லை. மாற்ற அவர் விரும்பியிருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் கலந்துகொள்கிறார் என்றதும் நியூ ஜெர்சியில் ஒரு போட்டியிலிருந்து 32 பேரில் 25 பேர் விலகினார்கள். அமெரிக்க ஓபனில் ஆட வேண்டுமானால் பாலினத்தை உறுதிசெய்யும் குரோமோசோம் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று டென்னிஸ் சங்கம் சொன்னபோது அவர் வழக்குத் தொடுத்தார். 1977 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த ஓபனில் ஆடியபோது வயது 43. ஒற்றையர் முதல் சுற்றிலேயே, அவ்வாண்டு விம்பிள்டன் வென்றிருந்த வர்ஜீனியா வேடிடம் தோற்றார். இரட்டையரில் இறுதியாட்டம் வரை சென்றார்.

இங்கே புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. அவர் திருநங்கை அல்லர். பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். நம்மில் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறோம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற அவரிடமிருந்து பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. ரெனேவுக்கு மருத்துவத் தொழில் இருந்தது, வழக்கு நடத்த வசதி இருந்தது. செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து ஓடி வந்த பெண்ணுக்கு இரண்டும் இல்லை.

நாடகம் தொடாத ஒரு பக்கமும் உண்டு. இளம் வயதிலேயே மாறியிருந்தால் பெண்கள் யாரும் ஆட்டத்தில் தன்னை நெருங்கியிருக்க முடியாது என்று, தன் பழைய நிலைப்பாட்டையே ரெனே முதுமையில் கேள்விக்குள்ளாக்கினார். ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கைகள் பெண்கள் பிரிவில் ஓட உலகத் தடகள அமைப்பு 2023-இல் தடை விதித்த பிறகு அந்த வாதம் இன்னும் சூடாகியிருக்கிறது. அதை ஒரே வீச்சில் தீர்த்துவைப்பவர்களை நான் நம்புவதில்லை.

அல்சூரில் என் வீட்டுக் கூடத்தில் இந்த நாடகத்தைப் போட்டபோது, ஆங்கிலம் அறியாத என் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். திருநங்கை என்றால் கல்யாண வீட்டு வாசலில் கைதட்டுபவராகவே காட்டும் சீரியல்களைப் பார்த்துப் பழகியவர் அவர். படம் முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஏம்ப்பா, கண் டாக்டர் வேலையை விட்டுட்டாங்களா?” விடவில்லை, பெரியம்மா. டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவரத்திலோவாவுக்குப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, மீண்டும் கண் மருத்துவத்துக்கே திரும்பினார்; மாறுகண் அறுவைச் சிகிச்சையில் அவர் தேர்ந்தவர் என்றேன். “அப்போ சரி” என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். வணக்கம்.