அழித்துவிடாதீர்கள், அந்த மின்னஞ்சல்தான் சாட்சி

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பு புறக்கோட்டையில் கடைகளின் கணினிகளைப் பார்த்துக் கொடுக்கிற வேலை எனக்கு. பில் மெஷின் நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஈமெயில் திறக்காவிட்டாலும் என்னைத்தான். அங்கே பார்த்த ஒரு விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான்காம் குறுக்குத் தெருவில் மல்லி, சீரகம் இறக்குமதி செய்கிற ஒரு முதலாளி. பல வருடமாக ஒரே வெளிநாட்டு வியாபாரியிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஒருநாள் அந்த வியாபாரியிடமிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல். தங்கள் வங்கிக் கணக்கில் கணக்காய்வு நடக்கிறதாம், இந்த முறை மட்டும் காசை வேறு கணக்குக்குப் போடட்டாம். அதே கையொப்பம், அதே சின்னம், பில் இலக்கம்கூடச் சரி. முதலாளி காசை அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து உண்மையான வியாபாரி போன் எடுத்து, "என்ன முதலாளி, காசு இன்னும் வரவில்லையே" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

நான் போய்ச் சேருவதற்குள் அவர் அந்த மின்னஞ்சலை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கிவிட்டார். கோபம் பாதி, வெட்கம் பாதி. நல்லவேளையாக, கணக்கெழுதுகிற தம்பி அதை அச்செடுத்துக் கோப்பில் போட்டிருந்தார். அந்தத் தாளில் அனுப்பியவரின் முகவரியை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன. சின்ன எழுத்தில், அதுவும் கைத்தொலைபேசித் திரையில், அதை 'எம்' என்றுதான் எவரும் படிப்பார்கள். முதலாளி மேல் நான் பிழை சொல்லவில்லை. பில் இலக்கம் சரியாக இருந்ததே, அதுதான் என்னைப் பயப்படுத்தியது. இரண்டு பக்கத்தில் யாரோ ஒருவருடைய அஞ்சல் பெட்டிக்குள் திருடன் முன்பே புகுந்து, எல்லாவற்றையும் படித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான்.

ஆனால் தாளில் முகவரி மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தலைப்பகுதி என்று ஒன்று உண்டு. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. எந்தெந்தக் கணினி வழியாக, எத்தனை மணிக்கு அது கை மாறியது என்று அதில் வரிவரியாகப் பதிந்திருக்கும். கடிதத்தின் தபால் முத்திரைகள் மாதிரி. சில வரிகளைத் திருடனே பொய்யாக எழுதலாம், ஆனால் நம்முடைய அஞ்சல் சேவை பதிந்த வரியில் அவன் கைவைக்க முடியாது. விசாரணை செய்கிறவருக்கு வேண்டியது அதுதான். திரையைப் படம் பிடித்தால் அது வராது. இன்னொருவருக்கு வழமைபோல ஃபார்வர்ட் செய்தாலும் பெரும்பாலும் வராது. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தெரிவு செய்தால் முழுவதும் தெரியும். அதை அப்படியே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சட்டம். ஏமாற்று மின்னஞ்சலுக்கென்றே தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. இன்னொருவர் போல நடித்து ஏமாற்றுவது 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலேயே குற்றம். அஞ்சல் பெட்டிக்குள் அனுமதியில்லாமல் புகுவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் வரும். அதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. குற்றவாளி வெளிநாட்டில் இருந்தாலும், பாதிக்கப்பட்ட கணினி இங்கே இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தும். சைபர் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை 2015 இல் சேர்ந்தது, தெற்காசியாவில் முதல் நாடாக. மற்ற நாட்டுப் பொலிஸாரிடம் தகவல் கேட்க அது ஒரு வழி.

விளம்பர மின்னஞ்சல் வேறு விஷயம். அமெரிக்காவின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் கேட்காமல் அனுப்புவதை அனுமதிக்கிறது. பொய்த் தலைப்புப் போடக்கூடாது, வேண்டாம் என்று சொன்னவரைப் பத்து வேலை நாட்களுக்குள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் மட்டும் உண்டு. நம்முடைய 2022 ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முதலில் சம்மதம் வேண்டும் என்கிறது. எனக்கு இந்த முறைதான் நியாயமாகப் படுகிறது. தெரிந்த கடையிலிருந்து வந்தால் 'அன்சப்ஸ்கிரைப்' தட்டலாம். தெரியாத இடத்திலிருந்து வந்தால் அதையும் தட்டாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு 2016 பெப்ரவரியை நினைவுபடுத்துகிறேன். பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து திருடர்கள் எட்டுக் கோடியே பத்து இலட்சம் டொலரைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். வேலைக்கு விண்ணப்பிப்பதுபோல வங்கி ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல்கள் வழியாகத்தான் அவர்கள் உள்ளே புகுந்தார்கள் என்று அமெரிக்க நீதித் திணைக்களம் 2018 இல் சொன்னது. இன்னும் இரண்டு கோடி டொலர் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பெறுகிற அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பது 'ஃபண்டேஷன்' என்று பிழையாக இருந்ததைக் கவனித்து வங்கியில் கேள்வி கேட்டார்கள். அந்தக் காசு தப்பியது. ஒரு எழுத்துப் பிழையை நின்று பார்க்க ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

காசு போய்விட்டது என்று தெரிந்த உடனே, வேறு யாருக்கும் சொல்வதற்கு முன், உங்கள் வங்கிக்குப் போன் எடுங்கள். பணத்தை நிறுத்தி வைக்கக் கேட்க வங்கியால்தான் முடியும், அதற்கும் மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது. பிறகு 101 க்கு எடுங்கள், அது கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம். பொலிஸ் முறைப்பாடும் அவசியம். கூடவே கடவுச்சொல்லை மாற்றுங்கள், அஞ்சல் பெட்டி அமைப்பில் உங்களுக்குத் தெரியாத முகவரிக்குக் கடிதங்கள் தானாகப் போய்க்கொண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். நம் முதலாளியின் பெட்டியில் அப்படி ஒரு வழி திறந்தே கிடந்தது.

அவருடைய காசு திரும்பவில்லை. இப்போது கணக்கு இலக்கம் மாறியதாக எது வந்தாலும் அந்த மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அவர் எடுப்பதில்லை. கல்லாப்பெட்டியைத் திறக்கிறார். மூடியின் உட்பக்கத்தில், வியாபாரம் தொடங்கிய வருடம் பேனாவால் எழுதி ஒட்டிய இலக்கம் இன்னும் இருக்கிறது. அதற்குத்தான் எடுக்கிறார்.