பாலத்தை முதலில் வாங்காதீர்கள்: என் நேரோ கேஜ் லேஅவுட்

வணக்கம். மேசை மேல் நான் கட்டும் மாதிரி ரயில் பாதை, அதாவது லேஅவுட், கிடக்கும் கிடையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தண்டவாளத் துண்டுகள், பாதி வெட்டிய மரக்குச்சிகள், நடுவில் முக்கோணச் சட்டங்களால் ஆன ஒரு டிரஸ் பாலம். இரண்டு வருடமாக இந்தப் பாலத்துக்கு என் லேஅவுட்டில் இடமில்லை. அந்தக் கதை அப்புறம்.

முதலில் தண்டவாளம். நான் செய்வது ஹெச்ஓ என்ற அளவு, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. கேஜ் என்றால் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம். இந்த அளவில் ஸ்டாண்டர்ட் கேஜ் பாதையின் அகலம் 16.5 மி.மீ. அதைவிடக் குறுகலான நேரோ கேஜ் வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு வழி. அமெரிக்காவின் கொலராடோ மலைப் பாதைகளைப் போல நிஜத்தில் 3 அடி கேஜ் என்றால் 10.5 மி.மீ. பார்க்க அழகு, ஆனால் எஞ்சினும் பெட்டியும் தேடி அலைய வேண்டும். 30 அங்குல கேஜ் என்றால் 9 மி.மீ. போதும். ‘என்’ கேஜ் என்ற இன்னும் சிறிய மாதிரி ரயிலின் அகலமும் அதே 9 தான். ‘என்’ என்பது ஆங்கில எழுத்து, என்னுடையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் எஞ்சின் அடிச்சட்டத்தின் மேல் வேறு உடலைப் பொருத்தி ஓட்டலாம். நான் போனது இந்த வழி.

சரி, அகலம் ஒன்றுதானே என்று என் கேஜ் தண்டவாளத்தையே போட்டுவிடலாமா? நானும் போட்டேன். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளைப் பாருங்கள், சீப்புப் பல் மாதிரி மெலிதாக, நெருக்கமாக இருக்கின்றன. என் கேஜின் அளவான 160-இல் ஒரு பங்குக்குச் செய்த கட்டை இது. பக்கத்தில் என் ஹெச்ஓ ஆளை நிற்க வைக்கிறேன். பாதத்தில் பாதிதான் கட்டை மேல் இருக்கிறது. இப்போது இந்த இன்னொரு துண்டு. இதுவும் 9 மி.மீ. தான், ஆனால் நேரோ கேஜுக்கென்றே செய்தது. கட்டைகள் தடிமன், இடைவெளி அதிகம், நுனிகள் ஒரே வரிசையில் இல்லை. பீக்கோ போன்ற நிறுவனங்கள் இப்படிக் கோணல்மாணலாகவே செய்து தருகின்றன. என்னைக் கேட்டால் நேரோ கேஜின் முகமே இந்தக் கோணல்தான். சுரங்கத்துக்குள் மட்டும் சாதாரண என் கேஜ் தண்டவாளம் போட்டிருக்கிறேன். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்து தண்டவாளத்தின் உயரம். அதைக் ‘கோடு’ (code) என்ற எண்ணால் சொல்வார்கள். கோடு 100 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு, அதாவது 2.54 மி.மீ. ஹெச்ஓ அளவில் கணக்குப் போட்டால் 22 செ.மீ. உயரத் தண்டவாளம்! மலை மேல் ஏறும் குட்டி ரயிலுக்கு அது ஏன்? நான் போட்டது கோடு 55, 1.4 மி.மீ. கோடு 40 இன்னும் நிஜமாகத் தெரியும்தான். ஆனால் விளிம்பு ஆழமான பழைய சக்கரங்கள் ஆணித் தலையில் இடித்து டக் டக்கென்று குதித்தன. விட்டுவிட்டேன்.

இப்போது பாலம். இந்த டிரஸ்ஸைப் பார்த்ததுமே ஆசைப்பட்டு வாங்கினேன், பாதை எங்கே வளைகிறது என்று யோசிக்காமல். ரயில் உள்ளே நுழைந்து போகும் வகை இது. வளைவு முடியும் இடத்திலேயே பாலம் தொடங்கியது. பெட்டியின் முன் சக்கரங்கள் நேர்ப்பாதைக்கு வந்துவிட்டாலும் பின் சக்கரங்கள் வளைவிலேயே இருக்கும், பெட்டி சாய்கோணத்தில் நுழையும். மூலை போய் வாசல் தூணில் உரசியது. வாசலுக்கு முன்னால் குறைந்தது ஒரு நீளப் பெட்டி அளவுக்கு நேர்ப்பாதை விட வேண்டும். என்னிடம் அதற்கு இடமில்லை.

வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது. உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியின் நடுவிலும் மூலைகளிலும் பென்சிலை டேப்பால் ஒட்டுங்கள். தண்டவாளத்தின் இருபுறமும் காகிதம் விரித்து, பெட்டியைக் கையால் தள்ளுங்கள். நடுப்பகுதி வளைவின் உள்பக்கம் வருவதும், மூலைகள் வெளியே போவதும் கோடாக விழும். அந்தக் கோட்டுக்குள் எதுவும் நிற்கக் கூடாது.

வளைவில் பாலம் என்றால் ‘டிரெஸில்’ (trestle) என்ற, வரிசையாகக் கால் சட்டங்கள் தாங்கும் மரப் பாலம்தான் வசதி. தண்டவாளத்துக்கு மேலே எதுவும் கிடையாது. கால் சட்டங்களுக்கு இடையே சுமார் 5 செ.மீ. விடுகிறேன், நிஜத்தில் 14, 15 அடி. என் ஓடை 40 செ.மீ., ஆக எட்டு இடைவெளி, நடுவில் ஏழு சட்டம். படத்தைக் காகிதத்தில் வரைந்து, மேலே தெளிவான டேப் ஒட்டி, அதன் மேலேயே குச்சிகளை வைத்துப் பசை போட்டால் ஏழும் ஒரே மாதிரி வரும். ஓரக் கால்கள் கீழே போகப் போக விரிய வேண்டும். சட்டத்திலிருந்து சட்டத்துக்குப் போகும் நீள உத்திரம் நேராகத்தான் இருக்கும். வளைவது மேலே உள்ள கட்டைகளும் தண்டவாளமும் மட்டுமே. பாலத்துக் கட்டை தரைக் கட்டையைவிட நெருக்கம் என்பதையும் கவனியுங்கள். தண்டவாள இணைப்பைப் பாலத்தின் நடுவில் வைக்காதீர்கள், கரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது சட்டத்தின் பசை இன்னும் காயவில்லை, அதனால் இன்று ஓட்டிக் காட்ட முடியாது. அந்த டிரஸ்ஸை மட்டும் மேசையிலிருந்து எடுத்து வைக்கிறேன், கை இடிக்கிறது.