பீகார் கோடை முகாமும் ஹரியானாவின் ஒரு மணி நேரமும்

நேயர்களுக்கு வணக்கம். 'ஆய்வுகள் இப்படிச் சொல்கின்றன' என்று சொல்லித் தொடங்கும் பயிற்சி வகுப்புகள் நம் ஆசிரியர்களுக்குப் பழக்கமானவை. அந்த ஆய்வு எங்கே நடந்தது, யார் பாடம் எடுத்தார்கள் என்ற விவரம் மட்டும் அவர்களிடம் வந்து சேர்வதில்லை. அப்படிச் சேர வேண்டிய ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன்.

மும்பையில் 1990களில் தொடங்கப்பட்ட பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் முறை எளிமையானது. பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதை ஒதுக்கிவிட்டு, எந்த அளவுக்கு வாசிக்கிறது என்று பார்த்துக் குழு பிரிப்பார்கள். எழுத்து தெரியாதவர்கள் ஒரு பக்கம், சொற்களை வாசிப்பவர்கள் ஒரு பக்கம், பத்தியை வாசிப்பவர்கள் இன்னொரு பக்கம். 2019இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும், உடன் பணியாற்றியவர்களோடு சேர்ந்து, இந்த முறையைப் பல மாநிலங்களில் சோதித்தார்கள். குலுக்கல் மாதிரி சில பள்ளிகளைத் தேர்ந்து அங்கே முறையைக் கொண்டுவந்து, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள்.

2008 கோடையில் பீகாரில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இந்த முறையில் முகாம் நடத்தினார்கள். ஊர்த் தன்னார்வலர்கள் உதவிக்கு இருந்தார்கள். சில வாரங்களிலேயே பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. அப்புறம் பள்ளி திறந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் புத்தகங்களும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, சொல்லும்படியான பலன் இல்லை. உத்தராகண்டிலும் பயிற்சியும் புத்தகங்களும் மட்டும் கொடுத்தபோது இதே கதைதான்.

'அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அக்கறை இல்லை' என்று உடனே சொல்லிவிடுவது எளிது. ஆனால் கோடையில் பலன் காட்டியவர்களும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தானே? கோடையில் முடிக்க வேண்டிய போர்ஷன் கிடையாது. ஜூலையில் பாடநூல் வந்து முன்னால் நிற்கிறது. அதை முடித்தாயா என்றுதான் மேலிருந்து கேட்பார்கள், பிள்ளை வாசிக்கிறதா என்று கேட்பவர் குறைவு.

2012இல் ஹரியானாவில் இதைச் சரிசெய்தார்கள். பள்ளி நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பு மாறி, தங்கள் நிலைக்கு ஏற்ற குழுவில் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஆசிரியர்களுக்கு வழிகாட்ட வேண்டிய வட்டார அலுவலர்கள் முதலில் தாங்களே சில நாட்கள் அந்த முறையில் வகுப்பெடுத்துப் பார்த்தது. பிள்ளைகளின் இந்தி வாசிப்பு முன்னேறியது. நம் ஆசிரியர்களுக்கு நன்கு தெரிந்த சிசிஇ, அதாவது ஆண்டு முழுவதும் பிள்ளையை மதிப்பிட்டுப் பதிவேட்டில் எழுதி வைக்கும் 'தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு', அதே ஆய்வில் சோதிக்கப்பட்டது. கற்றலில் அதனால் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பதிவேடு நிரப்பிக் களைத்த எந்த ஆசிரியரும் இந்த முடிவைத் தெரிந்துகொள்ளும் உரிமை உடையவர்.

2022 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. எனக்கு இதில் மகிழ்ச்சி. ஆனால் பீகாரின் பாடம் இங்கும் பொருந்தும். ஒரே ஆசிரியர் மூன்று குழுவையும் பார்த்து, இணையத்தில் விவரமும் ஏற்றி, வேறு பணிகளுக்கும் போக வேண்டுமென்றால், குழுவின் பெயர் மட்டும்தான் மாறியிருக்கும்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களெல்லாம் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் புதிய முறை எதையாவது அறிமுகப்படுத்தினால், தயங்காமல் கேளுங்கள்: இது நடந்த பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் இருந்தார்கள்? எவ்வளவு நேரம் ஒதுக்கினார்கள்? அந்த நேரத்துக்காக எந்த வேலையைக் குறைத்தார்கள்? பதில் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால், கேள்வியை எழுத்தில் கொடுத்து அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.