சென்னை வாடகையும் பாளையங்கோட்டை நிம்மதியும்

நடுவர் அவர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம். ஓய்வுக்குப் பின் குறைந்த செலவில் வாழ ஏற்றது சென்னையா, மாவட்டத் தலைநகரமா என்பது கேள்வி. மாவட்டத் தலைநகரமே என்று பேச வந்திருக்கிறேன்.

என் பெரியப்பா தனியார் கம்பெனியில் வேலை பார்த்து 2023-ல் ஓய்வு பெற்றார். கைக்கு வந்த 20 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வரும். மாதக் கணக்கில் 13,600 சொச்சம். சென்னைப் புறநகர் பம்மலில் அவர் குடியிருந்த வீட்டுக்கு வாடகையே 13,000! மிச்சமெல்லாம் பி.எஃப். பென்ஷன் 3,000-ல் ஓட வேண்டும். அரசு ஊழியரின் பழைய பென்ஷனுக்கு அகவிலைப்படி உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. வாடகையோ பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் ஏறுகிறது. பெரியம்மா பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டதை நான் பார்த்தேன் ஐயா. மனசு தாங்கவில்லை.

மறுவருடம் திருநெல்வேலி மாநகரில் உள்ள பாளையங்கோட்டைக்குக் குடிபோனார்கள். அதே அளவு வீடு, வாடகை 6,500. இப்போது மாத்திரை தினமும் போடுகிறார்.

"நல்ல ஆஸ்பத்திரி சென்னையில்தானே?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தாம்பரத்தில் இருப்பவர் சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரிக்கு வர 30 கிலோமீட்டர் நெரிசலைத் தாண்ட வேண்டும். பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி ஆட்டோ தூரம். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. கண்ணுக்கு அரவிந்த் மருத்துவமனை திருநெல்வேலியிலேயே இருக்கிறது. சொந்தக் கிராமம் இன்னும் மலிவு என்பார்கள். அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். நடுராத்திரி நெஞ்சுவலி வந்தால் வண்டி தேடியே நேரம் போய்விடும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் சொன்னார்கள். உண்மைதான், மறைக்கவில்லை. அதனால்தான் ஆற்றங்கரையோரம் வாடகை இன்னும் குறைவாகக் கிடைத்தும் பெரியப்பா பாளையங்கோட்டை மேட்டுப்பக்கமாகப் பார்த்து வீடு பிடித்தார்.

அப்புறம் பிள்ளைகள். ராத்திரி எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் அப்பா அம்மாவோடு காபி குடிக்கலாம். என் அண்ணன் மாதம் தவறாமல் போகிறான். சென்னையில் ஒரே ஊரில் இருந்தபோது இத்தனை முறை அவன் போனதில்லை, நடுவர் அவர்களே.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.